எட்டாம் கட்டம்

போன மாதம் முனிரத்னா போன் செய்தார். ஓசூர் எல்லையை ஒட்டிய அத்திபெலே மருந்துக் கிடங்கில் என்னோடு பதினாறு வருடம் வேலை பார்த்தவர், இப்போது அங்கே அவர்தான் தள மேற்பார்வையாளர்.

"அக்கா, கன்னு எல்லாத்தையும் மூட்டை கட்டியாச்சு. புதுசா போன் மாதிரி ஒண்ணு குடுத்திருக்காங்க. எல்லாம் கலர்ல வருது. மருந்தோட போட்டோ கூட வருது. நீங்க பாத்தா சிரிப்பீங்க."

"எங்க சிரிக்கறது? வயிறுதான் எரியும்" என்றேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லையாம். நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன் என்றார். அதனால் எழுதுகிறேன். முனிரத்னா இதைப் படிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாண்டிவிடப் பார்ப்பார். தாண்ட விடாதீர்கள்.

என் வீடு நீலசந்திராவில். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் பத்து வருடம் போனது. பிறகு இந்தக் கிடங்கில் சேர்ந்தேன். காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ், ஏழரைக்கு அத்திபெலே. பட்டியலைக் காகிதத்தில் அடித்துக் கொடுப்பார்கள். எந்த அலமாரியில் எந்த மருந்து எத்தனை பெட்டி என்று பார்த்து, எடுத்து, டிக் அடித்து வண்டியில் ஏற்ற வேண்டும். ஆறு வருடம் இப்படி ஓடியது. அப்புறம் கன் வந்தது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். துப்பாக்கி மாதிரி கைப்பிடி வைத்த ஒரு கருவி, அவ்வளவுதான். விசையை அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் பெட்டியின் மேல் இருக்கும் கோடுகளைப் படித்துக்கொள்ளும். அதன் முதுகில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய திரை. சிக்கல் எல்லாம் அந்தத் திரையில்தான்.

ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மேலிருந்து கீழே இருபத்து நான்கு வரி, ஒவ்வொரு வரியிலும் எண்பது எழுத்து. கன்னின் திரையில் எட்டு வரி, வரிக்கு இருபது எழுத்து. சின்னத் திரைக்கென்று தனியாக எதையும் செய்யாமல், ஆபீஸ் திரையையே கன்னுக்குள் விட்டுவிட்டார்கள். ஒரு நேரத்தில் அதில் ஒரு துண்டுதான் தெரியும். நீலப் பொத்தானை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த துண்டு. பெட்டி எங்கே இருக்கிறது என்பது ஒரு துண்டில், மருந்தின் பெயர் அடுத்ததில், எத்தனை பெட்டி என்பது அதற்கும் அடுத்ததில்.

கன்னை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அரை நாள் இங்கிலீஷில் பாடம் எடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை முனிரத்னா கிடங்கின் நடுவில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் எங்க இருக்கேன்?"

"பன்னெண்டாவது ரேக்ல இருக்கீங்க."

"அது தெரியும் அக்கா. ஸ்க்ரீன்ல எங்க இருக்கேன்?"

எல்லோருக்கும் அதே கதி. இதில் இரண்டு முறை பீப் அடிக்கும் தொல்லை வேறு. ஏதாவது தப்பாக அழுத்தினால் கம்ப்யூட்டர் காரணத்தைக் கடைசி வரியில் எழுதும். ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். மேல் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு பீப் மட்டும் கேட்கும். எதற்கு என்று தெரியாமல் மறுபடி மறுபடி அழுத்துவோம். அதுவும் பீப் பீப் என்று கத்தும். முதல் வாரம் கிடங்கு முழுக்க கோழிப்பண்ணைச் சத்தம்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கணக்குப் போட்டேன். இருபத்து நான்கு வரியை எட்டு எட்டாக வெட்டினால் மூன்று. எண்பது எழுத்தை இருபது இருபதாக வெட்டினால் நான்கு. ஆக மொத்தம் பன்னிரண்டு துண்டு, வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் வண்டி ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில், தரையில் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம் போட்டு எண் எழுதினேன். மேல் வரிசை ஒன்றிலிருந்து நான்கு, நடு வரிசை ஐந்திலிருந்து எட்டு, கீழ் வரிசை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு.

"இது குண்டேபில்லே தானே!" என்றார் முனிரத்னா. நாம் பாண்டி என்று ஆடுவதற்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்.

"அதேதான். கன்னைக் கையில வெச்சுக்கிட்டு ஆடுங்க. நீங்க எந்தக் கட்டத்துல நிக்கறீங்களோ, அதான் ஸ்க்ரீன்ல தெரியும். ஐந்துல ரேக் நம்பர். ஆறுல மருந்து பேரு. ஏழுல பேட்ச் நம்பரும் எண்ணிக்கையும். எட்டுல சரக்கோட நிலை. பீப் அடிச்சா நேரா ஒன்பதுக்கு வாங்க, அங்க காரணம் இருக்கும்."

ஐம்பது வயது ஆட்கள் தொப்பை வயிற்றை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகத் தாவிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஸ்டெல்லா மேடம் வந்து நின்றார்.

ஸ்டெல்லா மேடம்தான் எங்கள் கிடங்கு மேலாளர். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு பென்சில். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. என்ன தப்பு நடந்தாலும் "யார் செஞ்சது?" என்று அவர் கேட்க மாட்டார். "உங்க கண்ணுல என்ன பட்டுச்சு? அத மட்டும் சொல்லுங்க" என்பார். அது திட்டு வாங்குவதை விடக் கஷ்டம். பார்க்காததைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லி யாரும் தப்பியதில்லை.

அன்று கட்டங்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஐந்தில் கால் வைத்தார். ஆறு, ஏழு, எட்டு, அங்கிருந்து ஒன்பது. "வெரி நைஸ், பத்மா" என்றார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் சாக்பீஸ் கோட்டின் மேல் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. என்னைப் பயிற்சி கொடுப்பவளாக மாற்றி ஆர்டரும் போட்டுவிட்டார்கள்.

தலைக்கனம் கொஞ்சம் ஏறியது உண்மை. அந்தக் கனத்தில்தான் எட்டாம் கட்டத்தை விட்டேன்.

எட்டில் சரக்கின் நிலையைக் காட்டும் ஓர் இடம் உண்டு. அனுப்பக் கூடாது என்று நிறுத்தி வைத்த சரக்காக இருந்தால் அங்கே H என்று ஓர் எழுத்து வரும். அது எனக்குத் தெரியும். ஆனால் நிறுத்தி வைத்த சரக்கைப் பூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், நம் பட்டியலில் அது வர வழியே இல்லை என்று நினைத்தேன். இரண்டு வருடம் தினமும் பார்த்தும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. அதுவரை போய்த் திரும்ப, பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் கூடுதலாக ஒரு தட்டு, ஒரு காத்திருப்பு. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு இருநூறு வரி.

"எட்டுக்குப் போகாதீங்க. அங்க யாரும் குடியில்ல" என்று வகுப்பில் சொல்லுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். வேலை வேகமாக முடிந்தது. மீட்டிங்கில் கைதட்டினார்கள்.

அந்தக் காலை நடந்தது இதுதான். குளுக்கோஸ், சலைன் பாட்டில் தயாரிக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து ஆபீசுக்குத் தகவல் வந்தது. ஒரு குறிப்பிட்ட பேட்ச் சலைனில் வெள்ளைத் துகள் மிதப்பதாகப் புகார், சோதனை முடியும்வரை அனுப்ப வேண்டாம் என்று. ஆபீசில் உடனே H போட்டார்கள். ஆனால் அன்றைய பட்டியல் அதற்கு முன்பே கன்னுக்கு வந்துவிட்டது. பட்டியலில் ஏறிவிட்ட சரக்கைக் கம்ப்யூட்டர் தடுக்காது, எழுத்தை மட்டும் காட்டும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பெட்டிகளைப் பூட்டிய அறைக்கு மாற்ற ஆள் வருவதற்குள் முனிரத்னா ஐந்து, ஆறு, ஏழு பார்த்து ஆறு பெட்டி எடுத்து ஓசூர் வண்டியில் ஏற்றிவிட்டார்.

பதினொரு மணிக்கு விஷயம் வெளியே வந்தது. நிர்வாக அதிகாரி முனிரத்னாவை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"கண்ணு எங்கய்யா இருந்துச்சு? ஆபீஸ் ஸ்க்ரீன்ல இவ்ளோ பெருசா H தெரியுது!"

முனிரத்னா கன்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நானு ஏனு மாடிதே சார்? சொல்லிக் குடுத்த மாதிரிதானே பண்ணேன்" என்றார். நான் என்ன செய்தேன் என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்கும் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. என் பெயரை அவர் சொல்லவில்லை. என்னைத் திரும்பி ஒரு முறை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மெமோ அவர் கைக்குப் போனது.

ஸ்டெல்லா மேடம் அதற்குள் போனில் இருந்தார். ஐந்து பெட்டி ஓசூரில் ஒரு மொத்தக் கடைக்கு. அவர்கள் பிரிக்கவில்லை, அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். மீதி ஒரு பெட்டி பைபாஸ் ஓரத்து நர்சிங் ஹோமுக்கு. அங்கே போன் எடுக்கவில்லை.

"பத்மா, வா. கார்ல ஏறு."

அத்திபெலேயிலிருந்து ஓசூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அன்று மாநில எல்லையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நர்சிங் ஹோமுக்கு மறுபடி மறுபடி போன் போடச் சொன்னார். அடித்துக்கொண்டே இருந்தது. இருபது நிமிடப் பாதை, முக்கால் மணி நேரம் ஆனது.

உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். வரவேற்பு மேசைக்குக் கீழே எங்கள் பெட்டி. நாடா அறுத்திருந்தது.

"இதுல எதுனா எடுத்தீங்களா சிஸ்டர்?" என்று அங்கிருந்த நர்சிடம் கேட்டேன்.

"ஒண்ணு போட்டிருக்கேன். ஏன்?"

முதல் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். வாந்தி, பேதியென்று காலையில் சேர்ந்தவர். பாட்டிலில் கால் பங்கு இறங்கியிருந்தது. டாக்டர் ஓடிவந்து குழாயை அடைத்து பாட்டிலைக் கழற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றார்.

"இன்னாம்மா, பாதியில புடுங்கறீங்க?" என்றார் டிரைவர். அவர் பெயர் ஏழுமலை, திருவண்ணாமலைப் பக்கம்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் கட்டில் அருகே போனேன்.

"அண்ணே, இது எங்க கம்பெனில இருந்து வந்த மருந்து. அனுப்பக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சது. எங்க தப்பால வந்துடுச்சு. வேற பாட்டில் போடுவாங்க. பத்து நாளைக்குள்ள காய்ச்சல், நடுக்கம் எதுனா வந்தா உடனே டாக்டரைப் பாக்கணும். எனக்கும் போன் பண்ணுங்க." என் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "செரி" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் எல்லையைத் தாண்டினோம். அப்புறம் மேடம் கேட்டார்.

"முனிரத்னா கண்ணுல என்ன பட்டிருக்கும் பத்மா?"

"ஐந்து, ஆறு, ஏழு மேடம். எட்டுக்குப் போக வேணாம்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவருக்கு மட்டுமில்ல. எல்லாருக்கும்."

"காலைல ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

டேஷ்போர்டைத் திறந்து ஒரு டெலிவரி சீட்டை எடுத்து நீட்டினார். "பின்பக்கம் எழுது. என்ன சொல்லிக் குடுத்தியோ, அதே வார்த்தைல. தமிழ்லயே எழுது." ஓடும் காரில், கோணல்மாணலாக, 'எட்டுக்குப் போகாதீங்க, அங்க யாரும் குடியில்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் சிரிக்க வைத்த வாக்கியம்தான். எழுத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் நானே அதைப் படித்தேன். மெமோவை மேடம் முனிரத்னாவிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்தார். முனிரத்னா நேரே வேலைக்குப் போனார். அதற்குப் பிறகும் பல நாள் "அக்கா" என்று கூப்பிடவில்லை. தேவையானால் "ஏங்க" என்பார். (முனிரத்னா, இதைத்தான் தாண்டக் கூடாது என்றேன்.) என்னைப் பயிற்சியிலிருந்து எடுத்து, திரும்பி வரும் காலாவதி மருந்துகளைப் பிரிக்கும் பகுதிக்கு மூன்று மாதம் மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மேடம் அதோடு விடவில்லை. திரையை மாற்ற வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். கார்த்திகேயன் என்ற கோயம்புத்தூர்க்காரர் அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்தார். மகா மரியாதைக்காரர். ஸ்பீக்கர் போனில் அவர் குரலை எல்லோரும் கேட்டோம்.

"அதெல்லாம் மாத்த முடியாதுங்க மேடம். மத்த பிராஞ்சுலயும் இதேதாங்க ஓடுது. ஆளுங்களை எட்டாவதையும் பாக்கச் சொல்லிட்டா முடிஞ்சுதுங்க."

"பரவால்ல கார்த்திகேயன். ஒரு நாள் இங்க வந்து பட்டியலைப் பாத்து பெட்டி எடுத்து, பிக்கிங் பண்ணிட்டுப் போங்க. அறுபது வரி போதும். எரநூறு கேக்கல."

வந்தார், பளபளக்கும் ஷூவோடு. மேடம் அவர் கையில் கன்னைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். சாப்பாட்டு வேளைவரை பத்தொன்பது வரி முடித்திருந்தார். அதில் இரண்டு தப்பு. பிற்பகலில் கன் பீப் அடிக்க ஆரம்பித்தது. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கன், நீலப் பொத்தானை அழுத்த மூன்றாவது கை இல்லை. எட்டாவது ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். முனிரத்னா போய்த் தண்ணீர் கொடுத்தார்.

"தினமும் இப்படித்தாங்களா?" என்று கேட்டாராம்.

"இல்ல சார். சனிக்கிழமை இதைவிட ஜாஸ்தி" என்றாராம் இவர்.

"ஒரு வாரம் குடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போன கார்த்திகேயன் ஐந்தே நாளில் முடித்தார். H இப்போது ரேக் நம்பருக்கும் முன்னால், வரியின் முதல் எழுத்தாக வந்தது. தப்புக்கான காரணம் மேலே முதல் துண்டுக்கு ஏறியது. H உள்ள வரியில் என்ன அழுத்தினாலும் கன் நகராது. மற்ற கிளைகளிலும் அதையே போட்டார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஏழுமலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

நர்சிங் ஹோமிலிருந்து மறுநாளே கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் போன். "ஏழுமலை பேசறேன்மா. கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். நல்லா கீறேன்." அடுத்த நாள் வேலூரிலிருந்து. அதற்கடுத்த நாள் இன்னொரு ஊரிலிருந்து. தினமும் அதே நாலு வார்த்தை. நான் கேட்காமலே செய்தார். எனக்கு அந்தப் போன் வந்தால்தான் சோறு இறங்கியது.

எட்டாம் நாள் போன் வரவில்லை. நான் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஒன்பதாம் நாளும் அப்படியே. பிரித்த பெட்டியையே மறுபடி பிரித்துக்கொண்டு நின்றேன். முனிரத்னா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"போன் வந்துச்சா அக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். மத்தியானம் மறுபடி வந்து கேட்டார்.

பத்தாம் நாள் சாப்பாட்டு வேளையில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ஏழுமலைம்மா. செல்லு தண்ணில வுழுந்துடுச்சு. டீக்கடைக்காரரு செல்லுல பேசறேன். நீ ஒண்ணும் பயந்துக்கலியே?"

"இல்லண்ணே" என்றேன். குரல் காட்டிக் கொடுத்திருக்கும்.

"ஒண்ணு கேக்கணும். வேலை இருக்குதா?"

"என்ன வேலை?"

"உன் வேலைதாம்மா. அந்த நர்ஸம்மா சொல்லிச்சு, எனக்கு எதுனா ஆயிட்டா உன் வேலை பூடும்னு. அதான் டெய்லி கூப்ட்டு நல்லா கீறேன்னு சொன்னேன்."

எனக்கு என்னவோ உறைத்தது. "அண்ணே, நிஜமா நல்லா இருந்தீங்களா?"

"மூணாம் நாளு காச்சல் அடிச்சுது. நடுக்கம் கூட. வழியில ஒரு டாக்டரு ஊசி போட்டாரு, பூட்ச்சு. இப்ப ஒண்ணுமில்ல. நீ யாருக்கும் சொல்லிக்காத."

"வேலை இருக்குண்ணே" என்றேன். ஓசூர் வழியாக வரும்போது அந்த டாக்டரைப் பார்க்காமல் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அடுத்த வாரம் வந்து பார்த்தார். ரத்தம் சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பினார்.

ஆனால் அது அடுத்த வாரம். அன்று போனை வைத்ததும் மாடிக்குப் போனேன். ஸ்டெல்லா மேடம் ஜன்னல் ஓரம் நின்றபடி சலைன் விஷயமான அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். அதன் கடைசி வரியில், நோயாளிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று எழுதி முடித்திருந்தது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"மேடம், அந்த வரி தப்பு" என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். மேடம் கேட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைத்து, பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன். மூன்றாம் நாள் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தன என்று எழுதினேன். ஏழுமலை அதை முதலில் ஏன் மறைத்தார் என்பதையும் அதற்குக் கீழே எழுதினேன்.